கயிற்றின் விலை

“ஆயிரம் பவுண்டு. இல்லையென்றால் கயிறு கிடையாது.”

வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்தில் ‘போர்ட் கலிடோனியா’, ‘அன்னா’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொள்ளும் நிலையில் இருந்தன. உதவி கேட்ட கேப்டனிடம் இழுவைப் படகுக்காரர் சொன்ன விலை இது. கேப்டன் ஒத்துக்கொண்டார். வேறென்ன செய்வார்?

1903இல் இங்கிலாந்து நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்து, 200 பவுண்டு கொடுத்தால் போதும் என்றது. நாங்கள் கூடிப் படிக்கும் மாலைகளில் இந்த வழக்கைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம்.

காரணம் இருக்கிறது. நெருக்கடி நேரத்து விலை எங்கள் தெருக்களுக்குப் பழக்கமானது. நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தவளை ஏற்றிப்போக வண்டி கேட்டால் வாடகை மூன்று மடங்காகும். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் கேட்டால் வட்டி ஏறும். பிறகு வாய் திறந்தால், “நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க” என்பார்கள்.

இதற்குக் கடல் சட்டம் பதில் வைத்திருக்கிறது. ஆபத்தின் நெருக்குதலில் செய்த ஒப்பந்தம் நியாயமற்றதாக இருந்தால் அதை ரத்து செய்யலாம், திருத்தலாம் என்கிறது 1989ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மீட்பு உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு. உயிர் பிழைத்தவர் அதற்காகக் கூலி தர வேண்டியதில்லை என்கிறது 16ஆவது பிரிவு.

ஆனால் தோழர்களே, அந்த 200 பவுண்டையும் மறக்க வேண்டாம். கொந்தளிக்கும் கடலில் கயிறு வீசுகிறவரும் உழைப்பாளிதான். மீட்ட சொத்தின் மதிப்பு, காட்டிய திறமை, எதிர்கொண்ட ஆபத்து, செலவான நேரம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் கூலி தீர்மானிக்க வேண்டும். அது மீட்ட சொத்தின் மதிப்பைத் தாண்டக் கூடாது என்கிறது 13ஆவது பிரிவு. நியாயமான கூலி கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அடுத்த முறையும் படகு வரும்.

கரையிலும் இதே நியாயம் உண்டு. 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் வறுமையின் நெருக்குதலையும் கட்டாயம் என்றே கொண்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது. காற்று கேப்டனுக்குச் செய்ததைப் பசி தொழிலாளிக்குச் செய்கிறது.

ஆகவே எந்த ஒப்பந்தம் கைக்கு வந்தாலும், சம்மதித்தவரால் அன்று மறுத்திருக்க முடியுமா என்பதை முதலில் விசாரியுங்கள். கையெழுத்தை அப்புறம் பார்க்கலாம்.