மயிலம், பேரணி, விக்கிரவாண்டி

முண்டியம்பாக்கம் வந்தால் சர்க்கரை ஆலை வாசனை பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும். எச்டிஎம்எல் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான். 2001 வாக்கில் விழுப்புரத்தில் பாசஞ்சர் பிடித்துத் திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்குப் போவேன். மாமா டிடிபி கடை வைத்திருந்தார். கூட்டமில்லாத மத்தியானத்தில் கம்ப்யூட்டர் என் கைக்கு வரும்.

வலைப்பக்கம் எழுத எச்டிஎம்எல் பழகலாம் என்று நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். எதையாவது தட்டப்போய், யாருடைய மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையோ அழிந்துவிட்டால்? ஷிஃப்டோடு கமாவைத் தட்டினால் கோண அடைப்புக்குறி வரும், அவ்வளவுதான், விரல் நகராது. "கெட்டுப்போனா நான் பாத்துக்கறேம்மா, நீ அடி" என்பார் மாமா. பிரவுசர் உண்மையில் பொறுமைசாலி. காலேஜில் சி புரோகிராம் ஒரு செமிகோலனுக்காக மொத்தமாக மறியல் செய்யும். இது புரியாத டேக்கைக் கண்டுகொள்ளாமல் மிச்சத்தைக் காட்டிவிடும். தடித்த எழுத்துக்கான டேக்கை மூடாமல் விட்டால் மட்டும் கீழே உள்ளதெல்லாம் தடித்துப்போகும்.

ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்ததை எந்த வரிசையில் மூடுவது? அங்கேதான் குழம்பும்.

"வரும்போது என்னென்ன ஸ்டேஷன்?"

"முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம்."

"திரும்பிப் போகும்போது?"

"மயிலம், பேரணி, விக்கிரவாண்டி..."

"அப்படியே மூடிக்கிட்டு வா."

மயிலம் வந்ததும் பாதிப் பெட்டி முருகனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நான் டேபிள், டிஆர், டிடி என்று நோட்டில் மனப்பாடம் செய்துகொண்டிருப்பேன்.

தமிழ்தான் பெரிய பாடு. கடையில் அழகாகத் தெரிந்த என் பெயரை ஃப்ளாப்பியில் எடுத்துப்போய் விழுப்புரம் பிரவுசிங் சென்டரில் திறந்தால், தலையில் கொக்கி மாட்டிய ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அந்த ஃபான்ட் அங்கே இல்லை. ஆளுக்கொரு குறியீட்டு முறை இருந்த காலம். 1999 சென்னை தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என இரண்டை ஏற்றது. இணையத்தில் பலர் திஸ்கியில் எழுதினார்கள். யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள், விண்டோஸ் 98 ஓடிய எங்கள் கடைக்குத்தான் அது வந்து சேரவில்லை. அதிராம்பட்டினத்து உமர் தம்பி தேனீ என்ற இயங்கு எழுத்துருவைச் செய்தார். பார்க்கிறவர் எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்தோடு எழுத்தும் இறங்கிவிடும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும். மாமா அதைப் பார்த்துவிட்டு, "பேஜ்மேக்கர்ல இத்தன வருஷமா நான் என்னத்தக் கிழிச்சேன்" என்றார்.

இப்போது பக்கத்தின் தலையில் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி போட்டால் போதும், 'ஸ்ரீ' கூடச் சரியாக வந்து உட்காருகிறது. எடிட்டர்களும் டேக்கைத் திறந்த கையோடு மூடும் டேக்கைத் தாமே போட்டுவிடுகின்றன. அந்த வசதியை நான் அணைத்து வைத்திருக்கிறேன். அக்கா மகள் சிரிக்கிறாள். அவள் பஸ்ஸில் போகிறவள்.