ஹாப் கொடி, நீராவி, இரவுக்காற்று

23 அக்டோபர் 2018, செவ்வாய். போபெரிங்க

ஹாப் அறுவடை செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. வயல்களில் கொடி இல்லை. உயரமான கம்பங்களும் அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய கம்பிகளும்தான் நிற்கின்றன. பெல்ஜியத்தின் ஹாப் சாகுபடியில் பெரும்பகுதி பிரெஞ்சு எல்லையை ஒட்டிய இந்தச் சிற்றூரைச் சுற்றித்தான். ஊரின் பழைய எடைக்கூடம் இப்போது ஹாப் அருங்காட்சியகம். அங்கிருந்தவர் காய்ந்த ஹாப் பூ ஒன்றைக் கொடுத்துக் கசக்கிப் பார்க்கச் சொன்னார். இதழ்களுக்கடியில் மஞ்சள் பொடி. விரலெல்லாம் பிசுபிசுவென ஒட்டிக்கொண்டது. எலுமிச்சைத் தோலும் பச்சைப் புல்லும் கலந்த மணம். நாக்கில் வைத்தேன், கசப்பு அரைமணி நேரம் போகவில்லை. பீருக்குக் கசப்பைத் தருவதும் அதைக் கெடாமல் காப்பதும் இந்தப் பொடிதான்.

24 அக்டோபர், புதன். வெஸ்ட்விளேட்டரன்

சைக்கிளில் போய்விடும் தூரம். சிந்த்-சிக்ஸ்டஸ் மடத்தின் ட்ராப்பிஸ்ட் துறவிகள் 1838 முதல் பீர் காய்ச்சுகிறார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மானியர் பிடித்த ஊர்களிலெல்லாம் பீர் ஆலைகளின் செப்புக் கொப்பரைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இந்த மூலை மட்டும் பிடிபடவில்லை, கொப்பரை தப்பியது.

பெட்டியாக வாங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே தொலைபேசியில் கூப்பிட்டு, கார் எண்ணைச் சொல்லிப் பதிய வேண்டியிருந்தது. 2005-இல் உலகின் தலைசிறந்த பீர் என்று பேரெடுத்து வாசலில் கார்கள் வரிசைகட்டியபோதும் துறவிகள் உற்பத்தியைக் கூட்டவில்லை. மடம் நடக்கக் காசு வந்தால் போதும், மீதி நேரம் ஜெபத்துக்கு. இந்த உறுதியை நான் மனதார மதிக்கிறேன்.

எதிரிலுள்ள விடுதியில் ‘12’ எனும் அவர்களுடைய பீர் ஒன்று குடித்தேன். 10.2 சதவீத ஆல்கஹால். கரும்பழுப்பு நிறம், உலர்ந்த அத்தியும் திராட்சையும் கருகிய சர்க்கரையும் சேர்ந்த சுவை. கடகடவென்று குடிக்கிற சரக்கில்லை. மதுவிடுதிகளில் சாராயம் விற்க 1919-இல் சட்டம் தடை போட்ட பிறகு இத்தகைய வீரியமான பீர்களுக்குக் கிராக்கி கூடியதாம்.

27 அக்டோபர், சனி. பிப்பே

இங்கே மாதத்தின் கடைசி சனிக்கிழமை காய்ச்சும் நாள். அதற்காகவே பயணத்தை இப்படி அமைத்துக்கொண்டேன். 1785-இல் தொடங்கிய பண்ணை ஆலை இது. மூடிப்போகும் நிலையிலிருந்ததை 1984-இல் ஆசிரியரான ழான்-லூயி தித்ஸ் வாங்கிக் காப்பாற்றினார். ஆலை முழுக்க ஓடுவது ஒரே நீராவி எஞ்சினில். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு.

காலையிலேயே போய் நின்றேன். எஞ்சின் சக்கரம் முதலில் தயங்கி, பிறகு வேகம் பிடித்தது. தோல்பட்டை உத்தரத்துத் தண்டைச் சுழற்ற, அதிலிருந்து அடுத்த பட்டை, திறந்த தொட்டிக்குள் கிளறும் இரும்புக் கைகள். மால்ட்டும் வெந்நீரும் கூழாகிச் சுழன்றன. ஆவி எழும்பி எதிரில் நின்றவர் முகமே தெரியவில்லை. சாறு வடிந்ததும் ஆட்கள் தொட்டியிலிருந்து சக்கையை மண்வெட்டியால் அள்ளிப் போட்டார்கள், மாட்டுத் தீவனத்துக்கு. இங்கத்திய ‘சேசோன்’ பீரில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், அன்னாசிப்பூ எல்லாம் சேர்கின்றன. கண்ணை மூடிக்கொண்டால் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது.

28 அக்டோபர், ஞாயிறு. துர்ப்

பக்கத்து ஊர். துய்போன் ஆலை இன்று விடுமுறை. ஊர்க் கடையில் அவர்களுடைய சேசோன் கிடைத்தது. கோடையில் வயலில் உழைப்பவர்களின் தாகத்துக்காகக் குளிர்காலத்திலேயே காய்ச்சி வைத்த வகை. வறண்ட சுவை, துள்ளும் நுரை. நல்ல மழை.

29 அக்டோபர், திங்கள். ஆண்டர்லெக்ட்

நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்துவிட்டேன், ஆனால் லாம்பிக் பீரின் வேர் இங்கிருந்து தென்மேற்கே விரியும் செனே பள்ளத்தாக்கில்தான். கான்டியோன் ஆலை 1900-இல் தொடங்கியது. இவர்கள் ஈஸ்ட் வாங்கிப் போடுவதே இல்லை. பார்லி மால்ட்டோடு முளைகட்டாத கோதுமையையும், கசப்பு போன பழைய ஹாப்பையும் சேர்த்துக் கொதிக்கவைத்த சாற்றைக் கூரைக்கடியில் ஆழமில்லாத அகன்ற செப்புத் தொட்டியில் ஊற்றி, இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். பலகணி வழியே வரும் காற்றே ஈஸ்டைக் கொண்டுவருகிறது. மறுநாள் அது மரப்பீப்பாய்க்குப் போய், ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. சிலந்திவலைகளைத் துடைப்பதில்லை; பூச்சிகளைப் பிடிப்பது அவைதானே.

ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்தால் அது ‘கூஸ்’. இளையதில் மிஞ்சியிருக்கும் சர்க்கரை புட்டிக்குள் மறுபடி நொதித்து நுரை தருகிறது. முதல் மடக்கில் புளிப்பு முகத்தைச் சுளிக்கவைத்தது. அடுத்த மடக்கில் எலுமிச்சைத் தோல், ஈர மரம், லேசான தோல்வாசனை. பெல்ஜியத்தில் குடித்ததிலேயே என்னை முழுதாக வென்றது இதுதான்.

வெப்பம் கூடினால் காற்றில் வேண்டாத கிருமிகள் பெருகும், சாறு கெட்டுப்போகும். அதனால் குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். குளிரூட்டும் இயந்திரம் வைத்தால் சாறு சீக்கிரமே ஆறிவிடும், ஆனால் இந்த ஊர்க்காற்று அதில் சேராது. குளிர்காலம் குறுகிக்கொண்டே வருகிறது, காய்ச்சக் கிடைக்கும் இரவுகளும்தான். அந்தக் கவலையோடுதான் இரண்டாவது கூஸைக் கேட்டு வாங்கினேன்.