காசை எடை போட்ட கணக்கு வாத்தியார்!

இமேஜ் ப்ராசஸிங் படிக்கிற ஈ.சி.இ. மக்களே, ஒரு நிமிஷம்! 'கே.எல். ட்ரான்ஸ்ஃபார்ம்'னு ஒண்ணு வருமே, ஞாபகம் இருக்கா? 'கே'ன்னா கார்ஹுனன், 'எல்'லுன்னா லோவேன்னு உருப்போட்டிருப்பீங்க. ஆனா, அவங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி, 1943-லேயே அந்தக் கணக்கைப் பேப்பரா எழுதி வெளியிட்டவர் நம்ம நாட்டுக்காரர். கோவாவில் பிறந்து, புனே ஃபெர்குசன் கல்லூரியில் பாடம் நடத்திக்கிட்டிருந்த டி.டி.கோசாம்பி!

'கணக்கு வாத்தியார் கணக்கு எழுதறதுல என்ன அதிசயம்?'னு கேட்கறீங்களா? இருங்க பாஸ், மேட்டரே இனிமேதான்.

தட்சசீலத்தில் புதையலாகக் கிடைத்த பழைய வெள்ளி முத்திரைக் காசுகளில் ராஜா பேரும் கிடையாது, வருஷமும் கிடையாது. எது முந்தினது, எது பிந்தினதுன்னு எப்படிச் சொல்றது? கோசாம்பி தராசைத் தூக்கிட்டார். ஒரே எடையில் செய்த காசு, கை மாற மாறத் தேயும். அதிக நாள் புழங்கினா சராசரி எடை குறையும், காசுக்குக் காசு வித்தியாசம் கூடும். இதை உறுதிப்படுத்த, வருஷம் தெரிஞ்ச புதுக் காசுகளையும் எடை போட்டார். அப்புறம்தான் பழசை வரிசைப்படுத்தினார். வரலாற்றுக்குள்ளே புள்ளியியல் நுழைஞ்ச கதை இது.

அதே காலகட்டத்துல மரபியலுக்கும் போனார். ஒரே குரோமோசோமில் இருக்கிற ரெண்டு ஜீனும் எவ்வளவு அடிக்கடி பிரியுதுங்கிறதை வெச்சு, அதுங்களுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு கணக்கிட ஒரு சூத்திரம் கொடுத்தார். அக்ரி காலேஜ் ஃப்ரெண்ட் இருந்தா 'கோசாம்பி மேப் ஃபங்ஷன்'னு கேட்டுப் பாருங்க. இன்னிக்கும் பயிர்களோட மரபணு வரைபடத்துக்கு அதைப் பயன்படுத்தறாங்க.

இன்னும் இருக்கு. 1948-ல் பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்பு. 1956-ல் இந்திய வரலாறு பற்றி ஒரு புத்தகம். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்கு புனேயிலிருந்து டெக்கான் குயின் ரயிலில் போய்வந்த மனுஷன், லீவு நாளில் மலையேறி கற்காலக் கருவி பொறுக்கினார்!

எல்லாமே ஜெயிச்சதான்னா, இல்லை. 1959-ல் ரீமன் கருதுகோளை நிரூபிச்சதா எழுதின பேப்பர் தப்பாப் போச்சு. 1962-ல் டாடா நிறுவனம் அவரோட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை. வேலி தாண்டினா விலையும் உண்டு.

ஆனா கவனிச்சீங்களா? காசுக்கும் ஜீனுக்கும் அவர் கொண்டுபோன சாமான் ஒண்ணுதான்... கணக்கு. தன் சப்ஜெக்ட்டை ஆழமாக் கத்துக்கிட்டு, கேள்வி எங்கே இருந்ததோ அங்கே தூக்கிட்டுப் போனார். 'நம்ம பிராஞ்சுக்கு இது தேவையாடா?'ன்னு கேட்டு கேட்டே நாலு வருஷத்தை ஓட்டுற நமக்கு உறைக்க வேண்டிய இடம் இதுதான்.

சின்ன வேலை ஒண்ணு கொடுக்கட்டுமா? ஹாஸ்டல் முழுக்கச் சுத்தி, ஒரே மாதிரி ஒரு ரூபாய் காசா, வேற வேற வருஷத்துல வந்ததா சேருங்க. கெமிஸ்ட்ரி லேப் தராசுல எடை போடுங்க. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் கணக்குல மாட்டுதான்னு பாருங்க. மெக்கானிக்கலா, ஐ.டி.யான்னு தராசு கேட்கவே கேட்காது!