கார்ட் பாவம், அதைத் திட்டாதீங்க

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துவிட்டால் நம்மில் பாதிப்பேர் சொல்வது ஒரே வசனம்தான்: "கார்ட் போயிருச்சு." பேராதனைப் பக்கம் ஒரு போடிங் அறையில் நாங்கள் நான்கு பேர் காசு சேர்த்து வாங்கிய கம்பியூட்டருக்கும் கண்டி டவுன் கடையொன்றில் அதே தீர்ப்புத்தான் கிடைத்தது. "புதுசு ஒன்னு போடுங்க தம்பி, இது சரிவராது." பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான்கு பேருமே கலைப்பீடம். மகாபொலக் காசில் போடிங் வாடகையும் சாப்பாடும் போக கார்ட் வாங்க எங்கே மிஞ்சும்? 2022இல் ரூபா விழுந்த விழுகைக்குப் பிறகு, இறக்குமதியாகும் எந்தச் சாமானின் விலையும் பழைய இடத்துக்கு வரவில்லை. கேம் மட்டுமல்ல, எங்கள் ஆய்வுக்கட்டுரைகளும் அந்தப் பெட்டிக்குள்தான். அதனால் பிழையை நாங்களே தேடினோம்.

முதலில் விளங்கிக்கொண்டது இது. விண்டோஸ் கார்டுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு சாதாரணமாக 2 செக்கன் பொறுத்திருக்கும். பதில் இல்லையென்றால் டிரைவரை ரீசெட் பண்ணும். அதைத் தாங்காத கேம் மூடிக்கொள்ளும். ஆகவே "டிஸ்ப்ளே டிரைவர் நின்றுவிட்டது" என்ற செய்தி காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இருக்கிறது என்று தெரியும், டெங்குவா தடிமனா என்று தெரியாது. அந்த 2 செக்கனைக் கூட்டிவிடச் சொல்லி யூடியூப்பில் நிறையப் பேர் சொல்கிறார்கள். அதனால் காத்திருக்கும் நேரம் கூடும், நோய் அப்படியே இருக்கும்.

எனவே எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒரு கேம் மட்டும் மூடுகிறதா? அந்த கேமின் ஃபைல்களையும் செட்டிங்ஸையும் முதலில் சந்தேகியுங்கள். எல்லா கேமும் மூடுகிறதா? டிரைவர், சூடு, ஓவர்குளொக். மெஷினே பட்டென்று ஓஃப் ஆகித் திரும்ப எழும்புகிறதா? கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பக்கம் பாருங்கள்.

எங்களுடையது மூன்றாவது வகை. கார்ட் செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் முடிவுக்கு வந்த பிறகு விற்பனைக்கு வந்து குவிந்த ரகம். அதற்கு மட்டும் 185 வொட் தேவை. பவர் சப்ளையோ கேசிங்கோடு சும்மா வந்த ஒன்று. இவென்ட் வியூவரில் "கேர்னல் பவர் 41" என்றிருந்தது. ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதைத்தான் அது சொல்லும், ஏன் என்று சொல்லாது.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டோம். தூசு தட்டினோம், மாற்றமில்லை. சேஃப் மோடில் பழைய டிரைவரை முழுசாகக் கழற்றிப் புதிதாகப் போட்டோம், மாற்றமில்லை. பிறகு ஆஃப்டர்பேர்னரில் கார்டின் பவர் லிமிட்டைக் குறைத்தோம். மூன்று மணித்தியாலம் அசையாமல் ஓடியது. நண்பன் ஒருவனின் பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டி, லிமிட்டைப் பழையபடி வைத்தோம். அப்போதும் ஓடியது. கார்டில் ஒன்றுமேயில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது காரணம் என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

இந்தக் குழப்பம் கண்டிக்கு மட்டும் உரியதல்ல. 2024இல் அன்ரியல் எஞ்சினில் செய்த பல கேம்கள் "வீடியோ மெமரி போதாது" என்று சொல்லி விழுந்தன. நிறைய மெமரி உள்ள கார்ட் வைத்திருந்தவர்களுக்கும் அதே செய்திதான். கடைசியில் பல கம்பியூட்டர்களில் பிழை இருந்தது இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை புரொசெசர்களில். இன்டெலே அதை ஏற்று, உத்தரவாதக் காலத்தை இரண்டு வருஷம் நீட்டியது. செய்தி கார்டைக் காட்டியது, பிழை வேறிடத்தில்.

ஒரு எச்சரிக்கை: பவர் சப்ளையை மாற்றலாம், அதன் மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது "கார்ட் போயிருச்சா?" என்று கேட்காதீங்க. "மெஷினே ஓஃப் ஆகுது, பவர் லிமிட் குறைச்சா ஓடுது, டிரைவர் மாத்தியாச்சு" என்று சொல்லுங்க. இவ்வளவு தெரிந்து வருகிறவனிடம் புதுக் கார்ட் தள்ளிவிடுவது லேசில்லை.