முடிவெட்டும் கம்பெனியின் சால்டரிங் அயர்ன்

திருவனந்தபுரத்தில் பழைய மின்கருவி எதுவானாலும் சாலைக் கடைத்தெருவின் உட்சந்துகளில் தேடினால் கிடைத்துவிடும். ஆ. மாதவன் கதைகளைப் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த தெருதான். வளைகுடாவில் பல வருஷம் உழைத்துத் திரும்பியவர்களின் பெட்டிகளில் வந்த சாமான்கள், அவர்கள் காலத்துக்குப் பிறகு பழைய சாமான் கடைகளில் வந்து சேர்கின்றன. அப்படி ஒரு குவியலில்தான் அந்த சால்டரிங் அயர்ன் கிடந்தது. டார்ச் லைட் போலக் கனத்த கைப்பிடி, மெலிந்த முனை, நடுவில் ஒரு பொத்தான். வயர் இல்லை. அறுந்துபோன தடயமும் இல்லை, வயருக்கான துளையே இல்லை. பக்கவாட்டில் ‘ஐஸோ-டிப்’ என்ற பெயர், அதன் கீழே ‘வாஹ்ல்’.

வாஹ்ல் என்ற பெயரை நான் சலூனில் பார்த்திருக்கிறேன். பிடரியில் ஓடும் முடிவெட்டும் மெஷினின் பெயர் அது. நாகர்கோவிலிலிருந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்ட வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். “இது முடிவெட்டுற மெஷின் கம்பெனிக்க சாமான்லா? அவனுக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். என் தேடல் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூர். அங்கே லியோ வாஹ்ல் என்பவர் கையடக்க மின்சார முடிவெட்டும் இயந்திரத்துக்காக 1919-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மோட்டாரைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்ததுதான் அவர் செய்த புதுமை. 1960-களின் பிற்பகுதியில் அந்தக் கம்பெனி பேட்டரியில் ஓடும் கருவிகளுக்குப் போயிற்று. கையில் பிடிக்கத் தோதான உறை, உள்ளே ரீசார்ஜ் செய்யும் செல், இரவில் சொருகி வைக்க ஒரு தாங்கி எல்லாம் அவர்களிடம் தயாராக இருந்தன. மோட்டார் இருந்த இடத்தில் சூடேறும் முனையை வைத்தால் அது வேறொரு கருவி. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க மின்னணு இதழ்களில் ஐஸோ-டிப் விளம்பரங்கள் வரத் தொடங்கின. ஒருமுறை சார்ஜ் செய்தால் 60 இணைப்புகள் வரை வைக்கலாம் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு.

அந்த வாக்கு நம்பக்கூடியதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளே இரண்டு நிக்கல்-காட்மியம் செல்கள். நிக்கல்-காட்மியம் மின்கலம் 1899-இல் ஸ்வீடனில் வால்டமார் யுங்னர் கண்டது. செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், 1.2 ஆம்பியர்-மணி என்று வைத்தால் இரண்டிலும் சேர்த்து 3 வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறக்குறைய 10,000 ஜூல். அதை அறுபதால் வகுத்தால் ஓர் இணைப்புக்கு 170 ஜூல். வெள்ளீயமும் காரீயமும் 63-க்கு 37 என்று கலந்த ஈயம் 183 டிகிரியில் உருகும். ஒரு கிராமை உருக்கவே 100 ஜூலுக்குக் குறைவாகத்தான் ஆகும், ஓர் இணைப்புக்குப் போகும் ஈயமோ கிராமில் சிறு பங்கு. ஆகவே விளம்பரம் பொய்யில்லை. செலவெல்லாம் முனையைச் சூடாக்குவதிலும், அந்தச் சூடு காற்றில் போவதிலும்தான். அதனால்தான் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மட்டும் சூடேறும்படி செய்திருக்கிறார்கள். வேண்டும்போது மட்டும் சூடு என்ற இந்த யோசனை கார்ல் வெல்லருடையது. விசையை இழுத்தால் நொடிகளில் சூடேறும் அவருடைய சால்டரிங் கன்னுக்கு 1941-இல் காப்புரிமை கேட்டார். ஆனால் அதற்கு வயர் உண்டு.

ஐஸோ-டிப் என்ற பெயருக்கான காரணம் மெக்கானிக்குக்குக் கேட்காமலே தெரிந்திருந்தது. நம் ஊரில் எர்த் பின் இல்லாத இரண்டு முள் பிளக்கோடு விற்ற மலிவு சால்டரிங் அயர்ன்களின் முனையில் கசிவு மின்சாரம் இருக்கும். கை பட்டால் சுர்ரென்னும், அதே கசிவு ஐசியையும் கொன்றுவிடும். பேட்டரியில் ஓடும் முனைக்கும் சுவரில் ஓடும் மின்சாரத்துக்கும் தொடர்பே கிடையாது; தனித்து நிற்கும் முனை, அதுதான் ஐஸோ-டிப். சீமாஸ் ஐசிகள் பரவிய 1970-களில் இது பெரிய வசதி. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: நம் உடம்பில் சேரும் நிலைமின்னை இது தடுக்காது. அதை எர்த்துக்கு அனுப்பும் மணிக்கட்டுப் பட்டை அப்போதும் வேண்டும், இப்போதும் வேண்டும்.

சரி, வயரை முதலில் அறுத்தது வாஹ்ல்தானா? இந்தக் கேள்வியோடு பின்னால் போகப் போக, கேள்வியே தலைகீழாகிவிட்டது. அமெரிக்கன் பியூட்டி என்ற பெயரில் சால்டரிங் அயர்ன் செய்த டெட்ராய்ட் நிறுவனம் 1894-இல் தொடங்கியது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் பெர்லினில் எர்சா நிறுவனத்தை 1921-இல் தொடங்கி, மின்சார சால்டரிங் அயர்னைத் தொழிற்சாலைப் பொருளாக்கினார். வயர் என்பது அதற்குப் பிறகு பரவியதுதான். ரோமானியர்கள் ஈயக் குழாய்களைப் பற்றவைக்க இரண்டு பங்கு காரீயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்ததை முதலாம் நூற்றாண்டிலேயே பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஈயம் வைப்பது அவ்வளவு பழைய வேலை. அந்த நூற்றாண்டுகள் எதிலும் வயர் இல்லை.

சாலைக் கடைத்தெருவிலும் அப்படித்தான். தகர வேலைக்காரர்கள் புனலும் அரிக்கேன் விளக்கும் மண்ணெண்ணெய் டின்னும் பற்றவைத்த காலத்தில், கரி அடுப்பில் இரண்டு செம்புக் கட்டைகள் கிடக்கும். ஒன்று வேலையில், ஒன்று நெருப்பில். சூடான முனையை நவச்சாரத்தில் தேய்த்துச் சுத்தம் செய்து, ஈயத்தைத் தொட்டு எடுத்து, ஓட்டையில் வைப்பார்கள். முனை மட்டும் பெரிய செம்புக் கட்டையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கட்டைதான் அவர்களுடைய பேட்டரி. அடுப்பில் வாங்கிய சூட்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு இணைப்புக்கு இணைப்பு கொடுத்துக்கொண்டே போகும். தீர்ந்தால் மறுபடி அடுப்பு.

இது புரிந்த பிறகு நான் தேடிய பொருளே மாறிவிட்டது. வயரை யார் அறுத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, சூட்டை எதில் அடைத்து எடுத்துப்போனார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். செம்பில், பிறகு நிக்கல்-காட்மியத்தில். இடையில் இன்னொரு கிளை உண்டு, அது கேஸ்.

மெக்கானிக்கின் மேசை இழுப்பறையில் அவருக்கு அதிகம் உழைத்த கருவி இருந்தது: பேனாவைவிடத் தடிமனான, பியூட்டேன் நிரப்பும் அயர்ன். திருவனந்தபுரத்தில் தூர்தர்ஷன் நிலையம் வந்தது 1982-இல். அதன் பிறகு வந்த வருஷங்களில் ஓட்டுக்கூரைகளின் மேல் ஆன்டெனாக்கள் முளைத்தன, அவற்றின் வயரைப் பற்றவைக்கக் கூரை ஏற வேண்டியிருந்தது. இங்கே இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையுமாக வருஷத்தில் பாதி நாள் கூரை ஈரம். நனைந்த ஓட்டின் மேல் 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு ஏறுவது தற்கொலைக்குச் சமம். “கேஸ் அயர்ன் கைக்கு வந்த பொறவுதான் வீட்டுக்காரி நிம்மதியா இருந்தா” என்றார்.

இந்தக் கருவியின் வேர் ஹம்ஃப்ரி டேவியிடம் போகிறது. சுரங்க விளக்குக்காகச் சோதனைகள் செய்துகொண்டிருந்த டேவி, எரிவாயுவும் காற்றும் கலந்த இடத்தில் சூடான பிளாட்டினக் கம்பி சுடர் இல்லாமலே கனன்றுகொண்டிருப்பதை 1817-இல் வெளியிட்டார். பிளாட்டினம் தான் மாறாமல், வாயுவும் ஆக்சிஜனும் தன் மேற்பரப்பில் சேர வைக்கிறது. அந்த வினை விடும் வெப்பமே கம்பியைச் சூடாக வைக்கிறது. இந்த உண்மையை ஒரு சால்டரிங் முனைக்குள் அடக்கிக் கடைக்குக் கொண்டுவந்தது அயர்லாந்தின் கார்லோ நகரத்து ஓகில்ஸ்பி அண்ட் பட்லர் நிறுவனம், 1980-களில், போர்டாசால் என்ற பெயரில். பற்றவைக்கும்போது சுடர் வரும். முனைக்குள் இருக்கும் வினையூக்கி சூடேறியதும் சுடர் தானே அணைந்து, சிவந்த கனல் மட்டும் நிற்கும். விழிஞம் துறைமுகத்தில் படகுகளின் வயரிங்கைப் பழுது பார்ப்பவர்களிடம் இதை இன்றும் பார்க்கலாம். கடற்காற்றில் சுடர் அணையும், கனல் அணையாது.

கேஸ் ஏன் இத்தனை வருஷம் பேட்டரியை முந்தி நின்றது? 10 கிராம் பியூட்டேன் 17 மில்லிலிட்டர்தான் இருக்கும். எரித்தால் ஏறக்குறைய 127 வாட்-மணி வெப்பம். ஐஸோ-டிப்பின் இரண்டு செல்களைப்போல நாற்பது மடங்குக்கு மேல். அதில் பெரும்பங்கு புகைவழியில் வீணாகப் போனாலும் மிச்சமே தாராளம். பியூட்டேன் கொதிப்பது சுழிக்கு அரை டிகிரி கீழே. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வாயு எழும்பாமல் முரண்டு பிடிக்கும். திருவனந்தபுரத்தில் டிசம்பர் இரவிலும் அந்தக் கவலை இல்லை. குறைகளும் உண்டு. முனையில் எத்தனை டிகிரி என்று சொல்ல உணரி கிடையாது, வால்வைத் திருகி அனுபவத்தில் பிடிக்க வேண்டும். பக்கத்துத் துளையில் வரும் சூடான புகை, அருகிலிருக்கும் பிளாஸ்டிக் கனெக்டரை உருக்கிவிடும். கேஸ் நிரப்பிய அயர்னோடு விமானம் ஏற முடியாது.

2000-களின் நடுவில் வந்த கோல்ட்ஹீட் ஒரு முட்டுச் சந்து. நான்கு பென்டார்ச் செல், இரண்டாகப் பிளந்த முனை. இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஈயம் பட்டதும் மின்சாரம் அதன் வழியே ஓடிச் சூடேறும், எடுத்ததும் ஆறிவிடும். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் மின்சாரம் இணைப்பின் வழியாகவே ஓடுவதால் நுண்ணிய ஐசிக்கு ஆபத்து, முனையும் எளிதில் உடையும். தடித்த வயர்களுக்கு மட்டுமே பயன்பட்டது.

இன்றைய கதை லித்தியத்துடையது. லித்தியம்-அயான் செல்லை சோனி 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. டார்ச்சில் போடும் 18650 செல் ஒன்றில் 10 வாட்-மணிக்குமேல் அடங்கும். ஆனாலும் சால்டரிங் அயர்னை மாற்றியதில் செல்லைவிட முனைக்குப் பங்கு அதிகம் என்பதே என் முடிவு. பழைய அயர்னில் சூடேற்றி ஒரு பக்கம், பிட் வேறொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே காற்றிடைவெளி. புது வகையில் சூடேற்றியும் வெப்ப உணரியும் முனைக்குள்ளேயே ஒன்றாக இருக்கின்றன. சூடு குறைந்ததும் உணரி உடனே சொல்லும், மின்சாரம் உடனே பாயும். சேமித்துவைக்கப் பெரிய செம்புக் கட்டை தேவையில்லை. மினிவேர் நிறுவனத்தின் டிஎஸ்100, 2020-இல் வந்த பைன்64-இன் பைன்சில் எல்லாம் இந்த வழியில் வந்தவை. பைன்சிலின் மென்பொருள் திறந்த மூலம், யாரும் மாற்றலாம்.

இந்த முனைகளின் மின்தடை ஏறக்குறைய 8 ஓம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாட் வரும். கார் அல்லது படகு பேட்டரியின் 12 வோல்ட்டில் 18 வாட், யூஎஸ்பி-சி பவர் டெலிவரி பவர்பேங்கின் 20 வோல்ட்டில் 50 வாட். ஒரே அயர்ன் ஓரிடத்தில் மந்தமாகவும் இன்னோரிடத்தில் துள்ளலாகவும் நடப்பது இதனால்தான். இங்கே டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்கா பக்கம் சர்க்யூட் போர்டு செய்து பழகும் கல்லூரிப் பிள்ளைகள் பையில் லேப்டாப் சார்ஜரோடு இதையும் வைத்திருக்கிறார்கள். ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2024-இல் விட்ட அயர்ன் 100 வாட், அதனோடு இணையும் பேட்டரி 55 வாட்-மணி.

ஆனாலும் இந்த ஊர், 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவிய ஊர். 1973-இல் கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் தொடங்கிய ஊர். விண்ணுக்குப் போகும் போர்டுகளில் ஈயம் வைப்பது பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களின் வேலை. அவர்கள் கையில் இருப்பது எர்த் செய்த, வெப்பம் கட்டுப்படுத்திய, வயர் உள்ள ஸ்டேஷன்தான். ஒரே சூட்டில் மணிக்கணக்காக நிற்க வேண்டிய மேசை வேலைக்கு வயர்தான் சரி. வயரில்லாதது, மேசை இல்லாத இடத்துக்கானது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் கணக்கு இது. கூரை, படகு, வண்டி, தடித்த வயர் என்றால் கேஸ் அயர்ன் வாங்குங்கள். ஐசி, செல்போன், சிறு போர்டு என்றால் உணரி முனைக்குள் இருக்கும் யூஎஸ்பி-சி அயர்ன், கூடவே 20 வோல்ட் தரும் பவர்பேங்க். அட்டைப்பெட்டியில் அச்சடித்த வாட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம், உணரி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பழைய நிக்கல்-காட்மியம் அயர்ன் வீட்டில் கிடந்தால் அதன் செல்லைக் குப்பையில் எறியாதீர்கள். காட்மியம் நஞ்சு. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.