பூட் பாலிஷ் சாயம்

‘தி கிரேட் எஸ்கேப்’ என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வருவது முள்வேலியைத் தாண்டிப் பறக்கும் ஸ்டீவ் மெக்வீனின் மோட்டார் சைக்கிள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் முகாமிலிருந்து போர்க்கைதிகள் தப்பிய நிஜக் கதையை வைத்து 1963-ல் ஜான் ஸ்டர்ஜஸ் எடுத்த படம், ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். அந்தத் துரத்தல் நிஜத்தில் நடக்கவேயில்லை. படத்திலும் வேலியைத் தாண்டியது மெக்வீன் அல்ல, பட் ஈகின்ஸ் என்ற சண்டைக் கலைஞர். திருப்பூரில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குக் கண் நிற்கிற இடம் வேறு. கிரிஃபித் என்ற கைதி, தான் ரகசியமாகத் தைத்து வைத்திருக்கும் உடுப்புகளைத் தப்பியோடும் திட்டத்தின் தலைவரிடம் எடுத்துக்காட்டும் சின்னக் காட்சி அது.

அந்தக் காட்சி வந்தபோது எங்கள் வீதிக் கட்டிங் மாஸ்டர் அண்ணன், “கொஞ்சம் நிறுத்துங்க தம்பி” என்றார். பல வருஷமாக பனியன் கம்பெனிகளில் துணி வெட்டுகிறவர். அதுவரை சோபாவில் பாதித் தூக்கத்தில் இருந்தவர், எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கம்பளியையும் யூனிஃபார்மையும் வெட்டித் தைத்தது என்றேன். “அப்பிடின்னா மேல இருக்கற பிசிரச் செரைச்சிருக்கோணுமே, இல்லாட்டி அடையாளம் தெரிஞ்சிருமுங்க” என்றார். நிஜ முகாமில் பிளேடு வைத்து அப்படித்தான் சிரைத்தார்கள். சாயம்? பூட் பாலிஷும் மையும். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. “வேர்த்தாக் கழுத்துல ஒட்டிக்குமேங்க! சாயப்பட்டறைக்காரன் கேட்டா அழுதுருவான்.”

படத்துக்கு மூலமான முகாம் ஸ்டாலாக் லுஃப்ட் 3. ஸாகன் என்ற ஊரில் இருந்தது. அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. திட்டத்தின் தலைவர் ரோஜர் புஷெல். டாமி கெஸ்ட் என்பவர் தலைமையில் அங்கே ஒரு தையல் பிரிவே இயங்கியது. போலிப் பத்திரம் தயாரிக்க ஒரு பிரிவு, திசைகாட்டிக்கு ஒன்று, மண் கொட்ட ஒன்று. ஆர்டருக்குத் தேதி குறித்துவிட்ட பனியன் கம்பெனி மாதிரிதான். சுரங்கத்து மண்ணை வெளியே கொண்டுபோனதும் உள்ளாடைதான்: நீளக்கால் உள்ளாடையின் காலை வெட்டிப் பையாக்கி, பேன்ட்டுக்குள் தொங்கவிட்டு, கயிற்றை இழுத்தால் ஊசி கழன்று மண் கீழே கொட்டும். இதைச் சொன்னபோது அண்ணனுக்கு வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்.

1944 மார்ச் 24 இரவு ‘ஹாரி’ என்று பெயரிட்ட, 100 மீட்டருக்கும் நீளமான சுரங்கம் வழியாக 76 பேர் வெளியேறினார்கள். (அமெரிக்கர் ஒருவரும் இல்லை; அது ஹாலிவுட் போட்ட சரிகை.) பலர் ஜெர்மனியில் வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் வேஷத்தில் கிளம்பினார்கள். அது நல்ல யோசனை. எங்கள் ஊர்க் கம்பெனி கேட்டில் காலையில் நுழைகிற கூட்டத்தில் வாட்ச்மேன் பார்ப்பது கழுத்தில் தொங்கும் அட்டையைத்தான். கூலியாளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

இதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டது நம் நாட்டில் நடந்த ஒரு தப்பித்தல். அடுத்த மாதமே, ஏப்ரல் 29-ல், டேராடூன் முகாமில் பிரிட்டிஷார் அடைத்து வைத்திருந்த ஜெர்மானிய, ஆஸ்திரியக் கைதிகளில் ஏழு பேர் பட்டப்பகலில் வாசல் வழியாகவே வெளியே நடந்தார்கள். இரண்டு பேர் பிரிட்டிஷ் அதிகாரி உடுப்பில். மற்றவர்கள் முகத்தில் கறுப்புப் பூசி, தலைப்பாகை கட்டி, ஏணியும் முள்கம்பிச் சுருளும் சுமந்துகொண்டு, வேலி பழுதுபார்க்கும் இந்தியக் கூலிகளாக. அந்தக் கூலிகளில் ஒருவர் ஆஸ்திரிய மலையேறி ஹைன்ரிச் ஹாரர். 1946-ல் லாசா போய்ச் சேர்ந்தார். அதிகாரி வேஷம் போட்ட இருவரும் பர்மாவில் ஜப்பானியரிடம் போய்ச் சேர்ந்தார்கள். துணியும் சுமையும் சரியாக இருந்தது, வேறெதுவும் தேவைப்படவில்லை.

துணி வெளியே கொண்டுவந்து விடும், அதற்கு மேல் அதன் பொறுப்பில்லை. படத்தில் நன்றாக வேஷம் போட்ட ஒருவர், ஜெர்மானியர் ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொன்னதும் பழக்கதோஷத்தில் ஆங்கிலத்திலேயே நன்றி சொல்லி மாட்டுவார். பாகிஸ்தானிடம் போர்க்கைதிகளாகச் சிக்கி, 1972 ஆகஸ்ட் 13-ல் ராவல்பிண்டி முகாமின் சுவரைக் குடைந்து தப்பிய நம் விமானப்படையினர் திலீப் பருல்கர், கரேவால், ஹரிஷ் சின்ஜி மூவரும் ஆப்கன் எல்லைக்குப் பக்கம் வரை போய்விட்டார்கள். லண்டி கோட்டலில் நின்று, லண்டி கானா போக வழி கேட்டார்கள். வரைபடத்தில் இருந்த அந்த ரயில் நிலையத்தை 1932-லேயே மூடியிருந்தார்கள். சந்தேகம் வந்து பிடித்துவிட்டார்கள்.

அவர்கள் அந்த வருஷக் கடைசியில் ஊர் திரும்பினார்கள். ஸாகன் கதை அப்படி முடியவில்லை. 73 பேர் பிடிபட்டார்கள். ஹிட்லர் உத்தரவில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். படத்தில் ஒரே இடத்தில் நிறுத்திச் சுடுவதாகக் காட்டுகிறார்கள். உண்மையில் தனித்தனியாகவும் சிறு குழுக்களாகவும் பல இடங்களுக்குக் கூட்டிப்போய்க் கொன்றார்கள். தப்பியது இரண்டு நார்வேக்காரர், ஒரு டச்சுக்காரர்.

இனி யாராவது இந்த மாதிரிப் படம் எடுத்தால் மோட்டார் சைக்கிளைக் குறைத்துவிட்டுத் தையல் அறைக்குப் பத்து நிமிஷம் கூட்டுங்கள். திருப்பூரில் அதற்கே தனியாக டிக்கெட் விற்கும்.