இடைவேளைக்குப் பிறகு

2018 டிசம்பரில், 'எந்திர'னின் தொடர்ச்சியாக வந்த '2.0' படத்துக்கு ஒரு விமர்சனம் எழுதினேன். விருத்தாசலத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திய சிற்றிதழில் அது வந்தது. இதழ் இப்போது இல்லை. 'எந்திரன்' எங்கே, இது எங்கே என்பதுதான் கட்டுரையின் சாரம். படித்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் படத்தை நான் இடைவேளை வரைக்கும்தான் பார்த்திருந்தேன். எல்லோரும் எடுத்துச் சொல்லி மெச்சிய பகுதி என்னுடையதும் அல்ல. ஒரு பெண்ணின் நோட்டுப் புத்தகத்திலிருந்து அதை எடுத்தேன்.

இந்த இரண்டையும் எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் முறை. இத்தனை காலம் எழுதாததற்குக் காரணம் பயம். ஊரில் என்னைத் தமிழய்யா என்று கூப்பிடுகிறவர்கள் அதற்குப் பிறகு எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயம். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

அந்தத் தவறுக்கு முன்னால் என் கர்வத்தைச் சொல்ல வேண்டும். 'எந்திரன்' 2010 அக்டோபர் 1 அன்று வந்தது. எழுத்தாளர் சுஜாதாவைப் படித்து வளர்ந்தவன் நான். 'என் இனிய இயந்திரா'வைப் பலமுறை படித்தவன். படம் வருவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே, 2008 பிப்ரவரியில், அவர் இறந்துவிட்டார். வசனத்தில் இயக்குநர் ஷங்கர், கார்க்கி பெயர்களோடு அவர் பெயரும் திரையில் வந்தபோது என் சொத்து ஒன்றைப் பார்த்ததுபோல உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து அந்தப் படத்துக்கு நானே காவல்காரன் என்று எண்ணிக்கொண்டேன். வகுப்பில் அதைப் பற்றிப் பேசினேன். இலக்கியக் கூட்டத்தில் பேசினேன். தமிழில் அறிவியல் புனைகதை என்றால் இந்த ஊரில் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். என் முன்னால் வேறு யாராவது பேசினால் எரிச்சல் வந்தது.

அதிகம் பேசியது தீ விபத்துக் காட்சியைப் பற்றி. எரிகிற கட்டடத்திலிருந்து சிட்டி என்ற ரோபோ ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறான். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே, உடையில்லாமல், கூட்டத்துக்கும் கேமராக்களுக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறான். உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தி அவனுக்கு. அவள் கூனிக் குறுகி ஓடுகிறாள். வண்டியில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். அவனுக்குத் தான் செய்த தவறு விளங்கவில்லை. அதன் பிறகுதான் அவனுக்கு உணர்ச்சி வேண்டும் என்று அவனை உருவாக்கிய வசீகரன் முடிவு செய்கிறார். உணர்ச்சி வந்ததும் காதல் வருகிறது, பொறாமை வருகிறது, நாசம் வருகிறது. சிறப்புக் காட்சி விளைவுகளுக்கும் கலை இயக்கத்துக்கும் அந்தப் படம் தேசிய விருது வாங்கியது. என்னைக் கட்டிப்போட்டவை அவை அல்ல. கதையின் ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து முளைத்ததுதான். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது என் குரலே எனக்குப் பிடித்துப்போகும்.

என் வகுப்பில் படித்த ஒரு பெண், படிப்பு முடிந்து ஒரு செராமிக் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் வேலைக்குப் போனாள். அவளுடைய அப்பா அதே தொழிலில் மோல்டு செய்கிறவர். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் பீங்கானோடு சம்பந்தப்பட்டவராக இருப்பார். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்தான் இந்தத் தொழிலுக்கு ஆதாரம். கார்த்திகைக்கு முன்னால் அகல்விளக்கு ஆர்டருக்குப் பட்டறைகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த வருடம் தீபம் நவம்பர் 23. '2.0' வந்தது 29. வேலை ஓய்ந்த அந்த வாரத்தில் அவள் அப்பாவோடு போய்ப் படம் பார்த்தாள். வந்து ஒரு நோட்டில் பத்துப் பதினைந்து பக்கம் எழுதினாள். "புத்தகத்துக்கு ஆகுமான்னு பாருங்க சார்" என்று என்னிடம் கொடுத்தாள். இதழுக்கு வந்த படைப்புகளைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

நோட்டை மேசையில் வைத்தேன். பிரிக்கவில்லை.

நான் வெளியூரில் போய்ப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடிக்கு மேல் முப்பரிமாணக் கண்ணாடி. கைப்பேசிகள் கைகளிலிருந்து பிய்த்துக்கொண்டு பறக்கின்றன. சாலையில் கம்பளமாக ஊர்கின்றன. ராட்சசப் பறவையாகச் சேர்கின்றன. சிட்டியை மறுபடி பூட்டி எழுப்புகிறார்கள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. சுஜாதா இல்லாத சிட்டி எனக்கு வேண்டாம் என்று படம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன் என்பது இப்போது தெரிகிறது. வசனம் ஜெயமோகன் என்று தெரிந்தும் காது கொடுக்கவில்லை. இடைவேளையில் வெளியே வந்து டீ குடித்தேன். இனி என்ன இருக்கப்போகிறது என்று பேருந்து ஏறினேன்.

மறுநாள் இரவு எழுத உட்கார்ந்தேன். பாதிப் படம் பார்த்தவனிடம் பாதிக் கட்டுரைக்கான சரக்குகூட இல்லை. படம் சரியில்லை என்பதை எத்தனை விதமாகச் சொல்வது? கைக்கெட்டும் தூரத்தில் நோட்டு கிடந்தது. பிரித்தேன். இரண்டாம் பக்கத்தில் இது இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை நினைவில் இல்லை. பொருளைத் தருகிறேன்: பிளாஸ்டர் மோல்டில் களிமண் கரைசலை ஊற்றி ஊற்றி எடுத்தால் நாளாக ஆக மோல்டு தேயும். பொம்மையின் மூக்கும் இமையும் மழுங்கும். சிட்டி இந்தப் படத்தில் அப்படி மழுங்கித்தான் வந்திருக்கிறான். ஆனால் பட்சிராஜன் புது மோல்டு.

பட்சிராஜன் அந்தப் படத்தின் எதிராளி. அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டேன். மற்றதை என் நடையில் மாற்றி என் கட்டுரையில் வைத்தேன். நோட்டை மூடினேன். மேற்கொண்டு ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. கை நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வரலாம். நடுங்கவில்லை. நல்ல வரி கிடைத்தது என்ற சந்தோஷம்தான் இருந்தது. என் மாணவிதானே, நான் சொல்லிக்கொடுத்த தமிழ்தானே என்று ஒரு நியாயமும் உடனே கிடைத்தது.

இதழ் வந்ததும் மாதக் கூட்டத்தில் ஒரு பெரியவர் அந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்தார். நம் ஊர்த் தொழிலிலிருந்து எடுத்த உவமை என்று கை தட்டினார்கள். அவளும் அவள் அப்பாவும் பின்வரிசையில் இருந்தார்கள். கூட்டம் கலையும்போது அவர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "நம்ம பொழப்ப சார் எப்படிக் கவனிச்சிருக்காரு பாத்தியா? நீயும்தான் தெனம் மோல்டப் பாக்குற" என்றார். அவள் தலையசைத்தாள். நான் அவருக்கு நன்றி சொன்னேன். அந்த நொடியில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். கைதட்டல் முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதை இழக்க மனம் வரவில்லை.

சில நாள் கழித்து நோட்டை வாங்க வந்தாள். "நல்லா எழுதியிருக்கம்மா. இன்னும் கொஞ்சம் பக்குவம் வரணும்" என்றேன். படிக்காத கட்டுரைக்குப் பக்குவம் போதாது என்று சொன்னேன். "சரிங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போனாள். திருடியதைவிட இதைத்தான் நான் பெரிய குற்றமாக நினைக்கிறேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். சேரவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். அவற்றின் பின்னால் நான் ஒளிய மாட்டேன். அதன் பிறகு அவள் எழுதி எதுவும் யாரிடமும் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

படத்தை முழுதாகப் பார்த்தது சில வருடம் கழித்து, வீட்டில், தொலைக்காட்சியில். முப்பரிமாணக் கேமராவிலேயே எடுத்த படம் சின்னத் திரையில் சப்பையாகத் தெரிந்தது. ஆனால் நான் பார்க்காமல் விட்டுப்போன பாதியில்தான் பட்சிராஜன் கதை இருந்தது. பிறந்தபோது உயிரில்லை என்று கைவிடப்பட்ட குழந்தை. ஒரு சிட்டுக்குருவி வந்து கொத்தி எழுப்புகிறது. வளர்ந்து, பறவைகளுக்காகவே வாழும் கிழவராகிறார். பறவைகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுகின்றன. கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சுதான் காரணம் என்று நம்புகிறார். அதிகாரி, மந்திரி, நீதிமன்றம் என்று மனுவோடு நடக்கிறார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கோபுரத்திலேயே தூக்கு மாட்டிக்கொள்கிறார். படத்தின் முதல் காட்சியில் தொங்கியவர் யார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுகூடத் தெரியாமல் விமர்சனம் எழுதியிருக்கிறேன்.

இப்போது கேட்டால் என்ன சொல்வேன்? '2.0' 'எந்திர'னுக்கு ஈடு இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். முதல் படத்தில் சிட்டி ஆசைப்பட்டான். ஏன் இவனைக் கழற்றினார்கள் என்று கேட்கும் சிறுமிக்கு, தான் சிந்திக்கத் தொடங்கிவிட்டதுதான் காரணம் என்று அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு சொன்னான். இரண்டாவதில் அவன் வெறும் ஆயுதம். அனுப்புகிறார்கள், போகிறான், அடிக்கிறான். வசீகரனின் காதலி சனா தொலைபேசியில் ஒரு குரலாகச் சுருங்கிவிட்டாள். கதிர்வீச்சால் குருவிகள் அழிந்தன என்பதற்கு உறுதியான நிரூபணமும் இல்லை. படம் வருமுன்பே கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் அதை எதிர்த்துத் தணிக்கை வாரியத்துக்குப் புகார் அனுப்பியது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. குருவி குறைந்ததற்குக் கூடு கட்ட ஓட்டு இடுக்கு இல்லாமல் போனதையும், குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லாமல் போனதையும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

இதெல்லாம் சரி. ஆனால் முதல் படத்தில் சிட்டியிடம் இருந்த உயிர் இந்தப் படத்தில் எதிராளியிடம் போயிருக்கிறது. மனுவோடு அலையும் அந்தக் கிழவரின் முகம் அக்‌ஷய் குமாருடையது என்பதே மறந்துபோகிறது. சாகசப் படம் ஒன்று, தோற்றவனின் துக்கத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அவள் கவனித்திருந்தாள். நான்கே சொல்லில் எழுதியும் வைத்திருந்தாள். அந்த நான்கு சொல்லைத்தான் நான் வெட்டினேன். என் தீர்ப்பு பாதி சரியாக வந்தது தற்செயல். பார்க்காமல் எழுதிய தீர்ப்பு அது.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். காயவைத்த பொம்மைகள் பலகையில் வரிசையாக இருந்தன. ஒற்றைமுடிப் பிரஷால் கண் வைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இரண்டு பொம்மைக்குக் கண் வைத்தாள். பிறகு, "எனக்கு அன்னைக்கே தெரியும் சார். அப்பாகிட்டச் சொல்லுங்க. அவருதான் இன்னும் சொல்லிக்கிட்டிருக்காரு" என்றாள். நோட்டு எங்கே என்று கேட்டேன். பழைய பேப்பரோடு போட்டுவிட்டதாகச் சொன்னாள். இதை எழுதப்போகிறேன், பெயரைப் போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

அன்று மாலையே அவள் அப்பாவைப் பார்த்தேன். சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை. "அப்ப அது எம்பொண்ணு எழுதினதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே போய் அந்த இதழை எடுத்து வந்தார். பக்கம் மடித்து வைத்திருந்தார். அந்தப் பத்தியை விரல் வைத்துப் படித்துவிட்டு, மீதி என்ன எழுதியிருந்தாள் என்று கேட்டார். புது மோல்டு என்பதற்கு அவள் அடுத்த பக்கங்களில் காரணம் சொல்லியிருப்பாள். நான் அதைப் படிக்கவில்லை. அவரிடம் அப்படியே சொன்னேன்.